அவருக்காக ஊதிய மூச்சு

பிப்ரவரி 4, புதன்

கணக்கு எழுதி முடித்தாயிற்று. சோப்பு விலை ஏறியிருக்கிறது, எண்ணெய் இறங்கவில்லை. ‘இதர’ என்ற தலைப்பில் இன்றும் ஒரு தொகை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சிகரெட்டை அந்தத் தலைப்பில்தான் எழுதி வருகிறேன். சிகரெட் என்ற வார்த்தையை என் கையால் எழுதப் பிடித்ததில்லை. இதோ, இங்கே எழுதிவிட்டேன்.

மதியம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டைப் பலகை, அதில் ஒரு கத்தைக் காகிதம். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறாளாம். மேட்டுப் பக்கத்துத் தெருக்களில் புகை பிடிப்பவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்களாம். எங்கள் பள்ளத்துத் தெருக்களில் மட்டும் அசைய மாட்டேன் என்கிறதாம். ஏன் என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். வீட்டில் யார் பிடிக்கிறார்கள், எத்தனை, எப்போது, விடப் பார்த்ததுண்டா – கேள்விக்கு மேல் கேள்வி. மனசுக்குள் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். நல்ல பெண்தான். தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள்.

போகும்போது சொன்னாள்: “மேட்டுல இருக்கிறவங்களைவிட இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஆயுசு கம்மி ஆன்ட்டி. அதுல பெரிய பங்கு இந்தப் புகைக்குத்தான்னு நினைக்கிறோம்.”

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

கேள்விக்காரி சொன்னதை அவரிடம் சொன்னேன். “மேட்டுல இருக்கிறவன் உட்கார்ந்தே சாவான், நான் மூட்டை தூக்கிச் சாவேன். இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முதுகைத் தடவினேன். போன மாதம் டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. “அடுத்த குளிருக்குள்ள விட்டாகணும். இல்லேன்னா இந்த நெஞ்சு தாங்காது.”

அடுத்த குளிர். எத்தனை மாதம் என்று நான் எண்ணப் போவதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

நாத்தனார் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டாராம். குரலில் அப்படி ஒரு மினுக்கல்.

“அவங்க ஆபீஸுக்கே நர்ஸ் வர்றாங்க அண்ணி. வகுப்புக்குப் போனா லீவு போட வேண்டாம். கையில ஒட்டிக்க பிளாஸ்திரி தர்றாங்க. எல்லாம் மனசுதான். எங்க அண்ணனுக்கு மனசு வரலை, அவ்வளவுதான்.”

சரிம்மா என்று வைத்துவிட்டேன். பிறகுதான் வயிறு எரிந்தது. அவள் வீட்டுக்காரர் மனசுக்கு ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இவருடைய மனசு நாள் முழுக்கக் கிடங்கில் நின்றுகொண்டிருக்கிறது. சிகரெட் பிடிப்பவனுக்கு மட்டும்தான் அங்கே ஐந்து நிமிஷம் வெளியே போக அனுமதி. பிடிக்காதவன் நிற்க வேண்டியதுதான்.

பொறாமைப்படுகிறேனா? ஆமாம். மன்னித்துக்கொள் கடவுளே.

பிப்ரவரி 13, வெள்ளி

விசாரித்துவிட்டேன். நம் பக்கத்துச் சுகாதார நிலையத்திலும் அந்த வகுப்பு இருக்கிறது. பிளாஸ்திரியும் இலவசம். ஆனால் புதன்கிழமை மட்டும், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை.

“புதன் புதன் நான் மட்டம் போட்டா மேஸ்திரி என்னை வீட்டுலயே ஒட்டிக்கச் சொல்லிடுவான்” என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அவர் போக முடியாது. சரி. நான் போனால் என்ன? பாடம்தானே. பாடத்தைக் கேட்டு வந்து சொல்ல எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவள், பிறகு எழுத்து, கணக்கு, பிரார்த்தனைப் புத்தகம் என்று எல்லாம் நானே படித்ததுதானே.

பிப்ரவரி 18, புதன்

போனேன். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எழுதவே கை தயங்குகிறது.

சின்ன அறை, சுவரில் கறுத்துப்போன நுரையீரல் படம், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், தம்பிக்காக வந்திருக்கிறேன், அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்றார். நர்ஸ் தலையை ஆட்டினார். “வராதவங்களுக்கு மருந்து கிடையாதுங்க. யார் விடணுமோ அவங்கதான் வரணும்.” பெரியவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்தது நான்.

“எத்தனை வருஷமாம்மா?”

“இருபத்தாறு வருஷமாங்க.”

“ஒரு நாளைக்கு?”

“பதினாறு, பதினேழு. சம்பள நாள்ல இருபது தாண்டும்.”

“காலையில முதல்ல எப்போ?”

“கண் முழிச்சதும். பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி.”

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். நான் சொன்ன எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பில்லை. யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று சாதிக்கலாமா? யாரிடம் சாதிப்பது? மேலே இருப்பவனிடமா?

மூச்சை ஊதினால் உள்ளே புகை எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்று மேஜையில் இருந்தது. ஊதினால் நான் பிடிப்பவள் இல்லை என்று தெரிந்துபோகும். நல்லவேளை, “முதல் நாள் எல்லாருக்கும் அதிகமாத்தான் காட்டும். குழாய் வேற கொஞ்சம்தான் இருக்கு, வீணாக்க வேண்டாம். அடுத்த வாரத்திலேர்ந்து ஊதலாம்” என்றார் நர்ஸ்.

பிளாஸ்திரி ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். யாரோ துரத்துவது போலவே இருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

நேற்று ராத்திரியே அவருக்குப் பாடம் எடுத்தேன். பிளாஸ்திரியை நேற்று ஒட்டிய இடத்திலேயே இன்று ஒட்டக் கூடாது. ஆசை வந்தால் தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, கையை வேறு எதிலாவது வை. கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தணியும். கை கட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும், “டீச்சரம்மா, ஒண்ணுக்கு விடுவீங்களா?” என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனால் இன்று காலையில் தோளைக் காட்டிக்கொண்டு தானாக வந்து நின்றாரே, அது விளையாட்டில்லை. ஒட்டும்போது என் வாய் பிரார்த்தனை சொன்னது. ஏமாற்றி வாங்கின மருந்துக்கு ஆசீர்வாதம் கேட்கிறேன்.

பிப்ரவரி 25, புதன்

ஊதினேன். கருவி ‘ஒன்று’ என்று காட்டியது. நர்ஸுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “இருபத்தாறு வருஷம் பிடிச்சவங்க! ஒரே வாரத்துல! எல்லாரும் அம்மாவுக்குக் கை தட்டுங்க.”

தட்டினார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மார்ச் 2, திங்கள்

வீட்டில் இருக்க முடியவில்லை. அதிர்ந்து பேசாத மனிதர், உப்பு கம்மி என்று தட்டைத் தள்ளுகிறார். துவைத்த சட்டையைக் குறை சொல்கிறார். கிடங்கில் பாதிக்குப் பாதி குறைத்துவிட்டாராம். மிச்சப் பாதியின் கோபத்தை என்மேல் காட்டுகிறார். காட்டட்டும்.

மார்ச் 5, வியாழன்

பக்கத்து வீட்டுத் தையல்காரி எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் பெயின்டர். அவருக்கும் இதே கதைதான். “உன் வீட்டுல இருமல் சத்தமே கேக்கலையே அக்கா, என்ன மாயம்?” என்றாள். என்னால் மறைக்க முடியவில்லை. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்போ நானும் வர்றேன். எத்தனைன்னு மட்டும் சொல்லிக் கொடு, நான் தப்பாச் சொல்லிடுவேன்.”

மார்ச் 18, புதன்

வகுப்பில் இன்று எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர். மாடிவீட்டு அக்கா, லாரி ஓட்டுகிற தன் மகனுக்காக. மற்ற எல்லோரும் புருஷனுக்காக. நர்ஸ் கேட்டபோது மாடிவீட்டு அக்கா, “நான் லாரியிலதான் அதிகம் பிடிப்பேன்” என்று உளறிவிட்டாள். தையல்காரி இருமுவது போல் நடித்துச் சமாளித்தாள்.

நாங்கள் சிரித்துக்கொண்டே வீடு வந்தோம். வந்து பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வாய் சொன்னது, மனசு சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்று முழுக்கத் தொடவே இல்லை என்றார். நம்பினேன். சட்டையையும் முகர்ந்து பார்த்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

‘இதர’ காலியாகவே இருக்கிறது. படி ஏறி வந்து மூச்சு வாங்காமல் பேசுகிறார். நேற்று ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரியாது.

இப்படியே இன்னும் ஒரு மாதம் ஒட்டிவிட்டால் போதும். மருந்தின் வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

கேள்விக்காரி வந்தாள்.

சந்தோஷமாக வந்தாள். அதுதான் வலிக்கிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “ஆன்ட்டி, உங்க தெருவைப் பத்தித்தான் எங்க ஆபீஸ்லயே பேச்சு” என்றாள். சுகாதார நிலையத்திலிருந்து பெயரில்லாமல் எண்ணிக்கையை மட்டும் வாங்கிப் பார்த்தார்களாம். புகையை விட்டவர்கள் எங்கள் தெருவில்தான் அதிகமாம். மேட்டுப் பக்கத்தைவிட அதிகமாம்.

“ஆனா ஒண்ணு புரியல. வந்தவங்க முக்கால்வாசிப் பேர் பெண்கள். வீடு வீடாக் கேட்டப்போ ஒருத்தர்கூடப் பிடிக்கிறதாச் சொல்லலியே. இந்தத் தெருவுல பெண்கள் ஏன் இவ்வளவு பிடிக்கிறாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க?”

“தெரியலம்மா” என்றேன். இது சுத்தமான பொய். ‘யாருடையது’ என்ற சந்து பொந்தெல்லாம் இதில் கிடையாது.

பிறகு அவள் சொன்னதுதான் தலையில் இடி. ஆம்பளைகள் பகலில் வர முடியாது என்பதால் நம் பக்கத்தில் சாயங்கால வகுப்பு ஒன்று ஆரம்பிப்பதாக இருந்ததாம். இப்போது மேலே இருப்பவர்கள், “காலை வகுப்பே இவ்வளவு நன்றாக நடக்கிறதே, சாயங்காலம் எதற்கு?” என்று கேட்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் முடிவு செய்துவிடுவார்களாம்.

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். என்ன பண்ணிட்டேன் நான்! தெருக் கோடியில் தனியாக இருக்கிற கொத்தனாருக்கு யார் போய் ஊதுவாங்க? பெண்டாட்டி இல்லாதவன், அம்மா இல்லாதவன், அவனுக்கெல்லாம் யாரு?

ஏப்ரல் 17, வெள்ளி

தையல்காரியிடம் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

“வாயைத் தெறக்காதே அக்கா. எங்க வீட்டு ஆளு தொட்டு மூணு வாரம் ஆச்சு. நீ போய்ச் சொன்னா நாளைக்கே பிளாஸ்திரியை நிறுத்திடுவாங்க. சாயங்கால வகுப்பு வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்? கையில இருக்கிறதை விட்டுட்டு வராததுக்குக் கை நீட்டுவியா?”

“அந்தப் பொண்ணு எழுதறது தப்பாப் போகுதேடி.”

“எழுதட்டுமே! நம்மளைப் பத்தி யாரு சரியா எழுதியிருக்காங்க இதுவரைக்கும்?”

அவள் சொல்வதும் நியாயம்தானே.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன், எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். துணி மடித்தேன், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். அவரிடம் கேட்டேன்.

“சொல்லட்டுமா, வேண்டாமா?”

“நீ கும்பிடற சாமிகிட்ட கேளு. என்கிட்ட கேட்டா நான் என் நெஞ்சைப் பத்தித்தான் யோசிப்பேன்.”

சாமி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பிடிக்காததைத்தான் சொல்லும் என்று தெரிந்துதான் நான் காதைக் கொடுக்கவில்லையோ?

சொன்னால் இவர் திரும்பப் பிடிக்க ஆரம்பித்துவிடுவாரா? அடுத்த குளிர்?

ஏப்ரல் 21, செவ்வாய்

பல்கலைக்கழகத்துக்குப் பஸ் பிடித்துப் போனேன். வாசலில் காவலாளி இரண்டு முறை விசாரித்தான். கேள்விக்காரியின் அறையில் நாலு பேர் நாலு கணினி முன்னால். அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெற்றியில் கை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கோபம் வந்தது. “ஆறு மாச வேலை ஆன்ட்டி. இதை வெச்சு நான் ஒரு கூட்டத்துலயே பேசிட்டு வந்திருக்கேன், தெரியுமா?”

“தெரியாதும்மா. மன்னிச்சுக்கோ.”

“எத்தனை பேர் இப்படி?”

“நான் என் கணக்கைத்தான் சொல்ல முடியும். மத்தவங்களை நீயே வந்து கேளு. யார் பேரையும் நான் சொல்ல மாட்டேன்.”

என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எழுந்து என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாள்.

ஏப்ரல் 22, புதன்

நர்ஸிடமும் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “உங்களுக்குக் கை தட்டச் சொன்னேனேம்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பதிவேட்டில் என் பெயரை அடித்தார். பிளாஸ்திரி கிடையாது.

ஏப்ரல் 30, வியாழன்

தெருவில் எல்லோருக்கும் பிளாஸ்திரி நின்றுவிட்டது. கேள்விக்காரி வீடு வீடாக வந்து கேட்க, ஒவ்வொருத்தியாக ஒத்துக்கொண்டாளாம். தையல்காரி என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறாள். மாடிவீட்டு அக்கா மட்டும், “எனக்கு லாரி ஓட்டத் தெரியாதுன்னு அவங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும், விடு” என்றாள்.

மே 6, புதன்

சட்டையில் வாசனை.

மே 7, வியாழன்

கேட்கவில்லை. அவராகவே சொன்னார், இரண்டுதான் என்று. சத்தம் போடவேண்டும் போல இருந்தது, யார் மேலே போடுவேன்? நான்தானே போய்ச் சொன்னேன். நான்தானே புண்ணியவதி மாதிரி பஸ் ஏறிப் போனேன். என் மனசு சுத்தமாகணும்னு இவர் நெஞ்சை எடுத்துக் கொடுத்துட்டு வந்தேனா? இதைப் போய் நல்ல காரியம்னு யார் சொல்லுவாங்க – கடவுளே, நீயாவது சொல்லேன்.

மே 8, வெள்ளி

‘இதர’ மறுபடியும்.

மே 20, புதன்

கேள்விக்காரி போன் செய்தாள். எண்ணிக்கையையெல்லாம் திருத்திக் கொடுத்தாளாம். வீட்டுப் பெண்கள் ஆண்களுக்குப் பதிலாக வந்ததையும் ஆராய்ச்சியிலேயே எழுதியிருக்கிறாளாம், பேர் இல்லாமல். சாயங்கால வகுப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமைதோறும் ஆறரை மணிக்கு, தொடக்கப் பள்ளியில். “இன்னும் கோபமா இருக்கியாம்மா?” என்றேன். “கொஞ்சம்” என்றாள். பிறகு, “சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?” என்றாள்.

மே 28, வியாழன்

முதல் வகுப்பு. அவருக்கு இரண்டாவது ஷிப்ட். போக முடியவில்லை. தையல்காரி தன் வீட்டுக்காரரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கூடவே உள்ளே நுழையப் பார்த்தவளை நர்ஸ், “நீ ஏற்கெனவே விட்டுட்டியேம்மா” என்று திருப்பி அனுப்பினாராம். இதைச் சொல்லத்தான் என் வீட்டுக்கு வந்தாள். சொல்லிவிட்டு முறைத்துக்கொண்டே போனாள். ஆனாலும் வந்தாள்.

ஜூன் 4, வியாழன்

அவர் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, வேறு சட்டை போட்டார். நானும் கிளம்பினேன்.

“நீ வேண்டாம். நீ வந்தா உன்னைத்தான் பாராட்டுவாங்க.”

போய்விட்டார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போய்ச் சேர்ந்தாரா, பாதி வழியில் கடைப்பக்கம் திரும்பிவிட்டாரா? உள்ளே என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வார் என்றும் தெரியும். எல்லாப் பதிலையும் நான்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே. இருந்தும் ஏன் இந்தத் தவிப்பு?

எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலெல்லாம் வலிக்கிறது என்றார். பத்துப் பதினைந்து ஆண்கள் வந்தார்களாம், கொத்தனாரும் இருந்தாராம். மூச்சு ஊதினாராம்; நிறையக் காட்டியதாம். பிளாஸ்திரி கொடுத்திருக்கிறார்கள். மேஜையில் வைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இப்போ ஏன் விடணும்னு நினைக்கிறீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பயமா இருக்குன்னு சொன்னேன்.”

நான் கையில் கரண்டியோடு நின்றேன்.

“போன குளிர்ல, கிடங்கு இரும்புப் படியில பாதி ஏறினப்போ மூச்சு நின்னுபோச்சு. மேஸ்திரி பார்த்துடக் கூடாதுன்னு செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சு உட்கார்ந்துட்டேன். ரொம்ப நேரம். அவ்வளவுதான்னு நினைச்சேன். நீ மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தே.” தண்ணீர் குடித்தார். “அதைச் சொன்னேன். கொத்தனார் தனக்கும் அப்படித்தான்னார்.”

அவருடைய முதல் சிகரெட்டின் நேரம் எனக்குத் தெரியும், சம்பள நாள் எண்ணிக்கை தெரியும். இது தெரியாது. புதன்கிழமை வகுப்பில் நர்ஸ் இதே கேள்வியைக் கேட்டபோது, உடம்புக்கு நல்லதுன்னுதான் என்று அவருக்காக நான் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த வியாழனும் போகணும் என்றார், நான் கேட்காமலே.